வெள்ளைக் குல்லாய்ப் பெண்கள்: வான் கோவின் நூனன் முகங்கள்



வின்சென்ட் வான் கோ என்ற பெயரைச் சொன்னவுடன் நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, சூரியகாந்திப் பூக்கள். மற்றொன்று, விண்மீன்கள் சுழன்றோடும் இரவு வானம். பென்சில் பெட்டியிலும் குடையிலும் நாட்காட்டியிலும் இன்று அவை அச்சாகி வருகின்றன. இவ்விரண்டும் 1888, 1889 ஆம் ஆண்டுகளில் பிரான்சு நாட்டின் தென்பகுதியில் தீட்டப்பட்டவை. அவற்றுக்கு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் அதே மனிதர் தீட்டிய வேறொரு தொகுதி உண்டு. அதில் பூ இல்லை, வானம் இல்லை, வெளிச்சமே குறைவு. இருண்ட பின்புலத்தில், குல்லாய் அணிந்த நாட்டுப்புற மக்களின் முகங்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

அம்முகங்களின் வரலாற்றை இக்கட்டுரையில் கூற விழைகிறேன். அதற்குக் காரணம் இரண்டு கேள்விகள். ஓவியக் கல்லூரிப் படிப்பை முறையாக முடிக்காத ஒருவர், இருபத்தேழு வயதுக்கு மேல் தூரிகை பிடித்து, மனித முகத்தை எவ்வாறு கற்றார்? இது முதல் கேள்வி. அவர் கற்பதற்காகத் தம் முகத்தைக் கொடுத்து உட்கார்ந்த பெண்களுக்கு என்ன நேர்ந்தது? இது இரண்டாவது. முதல் கேள்விக்கு விடை கூறும் நூல்கள் ஏராளம். இரண்டாவது கேள்வியை நாம் அரிதாகவே கேட்கிறோம்.

ஆசிரியர் பணியும் செய்தவர்

வான் கோ 1853 ஆம் ஆண்டு மார்ச் 30 ஆம் நாள் நெதர்லாந்தின் தென்பகுதியான பிராபண்ட் மாநிலத்தில் பிறந்தார். தந்தையார் தியோடோரஸ், சீர்திருத்தச் சபையின் போதகர். பதினாறு வயதில் ஓவிய வணிக நிறுவனம் ஒன்றில் பணிக்குச் சேர்ந்த வின்சென்ட், ஹேக், இலண்டன், பாரிசு ஆகிய நகரங்களில் பணியாற்றி, 1876 இல் வேலையை இழந்தார். அதே ஆண்டு இங்கிலாந்தின் கடற்கரை நகரான ராம்ஸ்கேட்டில் ஒரு சிறு விடுதிப் பள்ளியில் துணை ஆசிரியரானார். நம்மவர் பலருக்கு இச்செய்தி புதிதாக இருக்கலாம். அங்கே அவர் மாணவர்களுக்குப் பிரெஞ்சும் கணக்கும் சொல்வதெழுதலும் கற்பித்தார்.

பின்னர் புத்தகக் கடை ஊழியம், ஆம்ஸ்டர்டாமில் இறையியல் படிப்புக்கான ஆயத்தம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டு, ஒவ்வொன்றையும் கைவிட்டார். 1878 இன் இறுதியில் பெல்ஜியத்தின் போரினாஜ் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குச் சமயப் பணியாளராகச் சென்றார். சுரங்கத் தொழிலாளர்களைப் போலவே தாமும் வாழ வேண்டுமென்று தம் உடைமைகளைக் கொடுத்துவிட்டு வைக்கோலில் படுத்து உறங்கினார். அப்பணியும் நீட்டிக்கப்படவில்லை. 1880 ஆம் ஆண்டு, இருபத்தேழாம் வயதில், ஓவியராவது என்று முடிவு செய்தார். அன்று முதல் அவரைத் தாங்கியவர் தம்பி தியோ. பாரிசில் ஓவிய வணிகராக இருந்த தியோ மாதந்தோறும் பணம் அனுப்பினார். அண்ணன் தம்பி இருவருக்கும் இடையே நிகழ்ந்த கடிதப் போக்குவரத்தால்தான் இந்த வரலாறு நமக்குக் கிட்டியிருக்கிறது.

நூனன் என்னும் சிற்றூர்

1883 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வான் கோ பெற்றோர் வீட்டுக்குத் திரும்பினார். அப்பொழுது அவருடைய தந்தையார் ஐந்தோவன் நகரை அடுத்த நூனன் என்ற சிற்றூரில் போதகராக இருந்தார். ஊரார் பெரும்பாலோர் கத்தோலிக்கர். தந்தையாரின் சபையைச் சேர்ந்தோர் மிகச் சிலரே. மணற்பாங்கான, வளம் குன்றிய நிலம். உழவர்கள் உருளைக்கிழங்கும் கம்புவகைத் தானியமும் பயிரிட்டனர். வீட்டுக்குள்ளேயே தறி போட்டு நெய்யும் நெசவாளர்களும் அங்கே இருந்தனர். 1884 ஆம் ஆண்டில் வான் கோ இந்நெசவாளர்களைத் தொடர்ந்து வரைந்தார். அப்படங்களில் கரிய மரத்தறி பெரிதாக நிற்கும். அதனுள் அகப்பட்ட சிறு உருவமாக மனிதர் தெரிவார்.

அந்த ஆண்டின் இறுதியில் அவருடைய கவனம் தறியிலிருந்து முகத்துக்குத் திரும்பியது. பனிக்காலத்தில் வயல்வேலை குறைவு. ஆகவே உழவர் குடும்பத்தினர் சிறு கூலிக்கு மாதிரியாக அமர இசைந்தனர். ஐம்பது தலைகளைத் தீட்டிவிட வேண்டும் என்று வான் கோ ஓர் இலக்கை வகுத்துக்கொண்டு, அதைத் தம்பிக்கு எழுதினார். 1885 ஆம் ஆண்டு வசந்த காலம் வரை ஏறத்தாழ நாற்பது தலைகளை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். இவை தவிர, கரிக்கோலாலும் பேனாவாலும் வரைந்தவை தனி.

ஐம்பது என்ற எண்ணை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். காட்சிக்கு வைக்கவோ விற்கவோ அவர் இவற்றைத் தீட்டவில்லை. பயிற்சிக்காகவே தீட்டினார். பலர் சேர்ந்திருக்கும் பெரிய படம் ஒன்றைத் தீட்டும் ஆசை அவருக்கு இருந்தது. அதற்கு முன் ஒவ்வொரு முகமும் தம் கைக்குப் பழக வேண்டும் என்று அவர் கருதினார். ஒருவர் பெருங்காப்பியம் எழுதும் முன் நூறு வெண்பா எழுதிப் பார்ப்பதை ஒத்தது இது.

மண்ணின் நிறம்

அம்முகங்களை எவ்வாறு தீட்டினார்? தொடக்கத்தில் தோலின் நிறத்துக்கு மஞ்சள் காவி, செங்காவி, வெள்ளை ஆகியவற்றைக் கலந்தார். பார்த்தபோது அது மிகவும் வெளிறித் தோன்றியது. பிறகு அவர் வேறு வழியைத் தேர்ந்தார். சிவப்பு, நீலம், மஞ்சள் ஆகியவற்றை ஒன்றோடொன்று முறித்து, பெயர் சொல்ல முடியாத சாம்பல் நிறங்களையும் பழுப்பு நிறங்களையும் உண்டாக்கினார். தோல் உரிக்காத, மண் ஒட்டிய உருளைக்கிழங்கின் நிறத்தை ஒத்ததொரு நிறம் தமக்குக் கிடைத்ததாக அவரே தம்பிக்கு எழுதுகிறார்.

பிராபண்டுப் பெண்கள் அணிந்த வெள்ளைக் குல்லாயைப் பாருங்கள். தொலைவில் இருந்து பார்க்கும்போது அது பளிச்சென்ற வெண்மையாகத் தெரியும். அருகில் சென்றால் அங்கே நீலமும் பச்சையும் அழுக்கு மஞ்சளும் இருக்கும். விளக்கொளியிலோ மங்கலான சாளர வெளிச்சத்திலோ இருக்கும் வெள்ளைத் துணி உண்மையில் வெள்ளையாக இருப்பதில்லை. சுற்றியுள்ள இருளே அதை வெள்ளையாகக் காட்டுகிறது என்பதை அவர் கண்டுகொண்டார். வண்ணங்களின் உறவைப் பற்றிச் சார்ல் பிளாங்க் என்ற பிரெஞ்சு அறிஞர் எழுதியவற்றை அவர் அக்காலத்தில் ஊன்றிப் படித்தார். ஏட்டில் படித்ததை மறுநாளே ஒரு பெண்ணின் குல்லாயில் சோதித்துப் பார்த்தார் என்று சொல்லலாம்.

தூரிகைத் தடங்களை அவர் மறைக்கவில்லை. கன்ன எலும்பில் ஓர் அழுத்தம், மூக்கின் ஓரத்தில் ஓர் இழுப்பு, உதட்டில் தடித்ததொரு சிவப்பு. வண்ணம் காயும் முன்னரே அடுத்த வண்ணத்தை அதன்மேல் ஏற்றினார். பிற்காலத்துச் சூரியகாந்தியில் நாம் வியக்கும் அந்த வேகம் இங்கேயே தொடங்கிவிட்டது. நிறம் மட்டுமே பின்னர் மாறியது.

என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு இப்படங்களின் அச்சுப் பிரதிகளைக் காட்டியதுண்டு. “இவங்க ஏன் சார் அழகா இல்ல?” என்று ஒரு மாணவி கேட்டாள். பிள்ளைகள் நேர்மையாகவே கேட்பார்கள். அக்காலத்து நகர மக்களும் இதையேதான் கேட்டனர். உழவர் மகளிரைத் தீட்டிய ஓவியர்கள் பலர் அவர்களுக்குத் தூய ஆடை உடுத்தி, கன்னத்தில் செம்மை ஏற்றி, புன்னகையும் சேர்த்துத் தந்தனர். வரவேற்பறையில் மாட்டுவதற்கு அவை ஏற்றவை. ஒட்டுப் போட்ட, புழுதி படிந்த, வெயிலிலும் காற்றிலும் நிறம் மங்கிய உடையோடு இருக்கும் உழவுப் பெண்ணே சீமாட்டியைவிட அழகி என்பது வான் கோவின் எண்ணம். அவள் சீமாட்டியின் உடையை அணிந்தால் அவளிடமுள்ள உண்மை போய்விடும் என்றும் அவர் எழுதினார். பிரான்சின் மில்லே என்ற ஓவியரை அவர் இந்த வழியில் தம் ஆசானாகக் கொண்டார். அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கும் மூன்று பெண்களை 1857 இல் தீட்டியவர் அந்த மில்லே.

தேடியது ஒன்று, கண்டது ஒன்று

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வான் கோ தொடக்கத்தில் இப்பெண்களைத் தனி மனிதர்களாகத் தேடவில்லை. அவர் தேடியது ஒரு வகையை. தட்டையான, முரட்டு முகம், தாழ்ந்த நெற்றி, தடித்த உதடு ஆகியவை உள்ளவர்களையே விரும்பித் தேடியதாகத் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். முகத்தின் அமைப்பைக் கொண்டு ஒருவரின் குலத்தையும் குணத்தையும் கணிக்கலாம் என்ற தவறான நம்பிக்கை பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பரவியிருந்தது. அதன் நிழல் அவர்மீதும் படிந்திருந்தது. அவர் சேகரித்து வைத்திருந்த ஆங்கில இதழ்ப் படங்களில் ‘மக்களின் தலைகள்’ என்றொரு வரிசை இருந்தது. சுரங்கத் தொழிலாளி என்பது போல் தொழிலுக்கொரு தலை. தாமும் அவ்வாறு ஒரு வரிசையைச் செய்ய வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம்.

ஆகவேதான் அவர் இவற்றை ‘உருவப்படம்’ என்று அழைக்காமல் ‘தலை’ என்றே அழைத்தார். உருவப்படத்துக்கு ஒருவரின் பெயர் வேண்டும். தலைக்குப் பெயர் வேண்டுவதில்லை. இன்றும் உலக அருங்காட்சியகங்களில் இவற்றுட் பலவற்றின் கீழ் ‘வெள்ளைக் குல்லாய் அணிந்த பெண்ணின் தலை’, ‘உழவுப் பெண்ணின் தலை’ என்றே எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்.

ஆனால் நாற்பது முகங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது அந்த ‘வகை’ நம் கண்முன்னே கலைந்து போகிறது. ஒருத்தியின் கண்களில் களைப்பு தெரிகிறது. ஒருத்தி ஓவியரை ஐயத்தோடு நோக்குகிறாள். மூதாட்டி ஒருவரின் வாய் உள்ளொடுங்கி, பார்வை எங்கோ நிலைத்திருக்கிறது. இளம்பெண் ஒருத்தி எதையோ சொல்ல வந்து அடக்கிக்கொண்டவள் போலிருக்கிறாள். வகையைத் தேடிப் போனவரின் கைக்கு மனிதர்களே வந்து சேர்ந்தனர். ஒருவரை ஒரு முறை பார்த்துவிட்டு வந்திருந்தால் இது நிகழ்ந்திருக்காது. அதே வீட்டுக்கு, அதே அடுப்படிக்கு, அதே முகத்தின் முன் மீண்டும் மீண்டும் சென்றதாலேயே நிகழ்ந்தது.

அவ்வாறு அவர் அடிக்கடி சென்ற வீடு டி கிரூட் குடும்பத்தினருடையது. அக்குடும்பத்துப் பெண் கோர்டினா டி கிரூட். 1855 இல் பிறந்தவர். அப்பொழுது முப்பது வயதை எட்டிக்கொண்டிருந்தார். அகன்ற முகம், கரிய கண்கள், சற்றே திறந்த உதடுகள். வான் கோ இவரைப் பலமுறை தீட்டினார். வெள்ளைக் குல்லாயுடன், கரிய குல்லாயுடன், நேர்முகமாக, பக்கவாட்டாக. பெயரற்ற தலைகளின் கூட்டத்தில் நாம் பெயர் சொல்லி அடையாளம் காணக்கூடிய மிகச் சிலருள் இவர் ஒருவர்.

விளக்கொளியில் ஐவர்

1885 ஆம் ஆண்டு மார்ச் 26 அன்று தந்தையார் திடீரென்று காலமானார். அடுத்த மாதமே வான் கோ தாம் எண்ணியிருந்த பெரிய படத்தில் இறங்கினார். அதுவே ‘உருளைக்கிழங்கு உண்போர்’. அகலம் 114 சென்டிமீட்டர், உயரம் 82 சென்டிமீட்டர். தொங்கும் ஒற்றை விளக்கின் கீழே ஒரே தட்டைச் சுற்றி ஐவர் அமர்ந்திருக்கின்றனர். இடப்புறத்திலிருந்து இரண்டாவதாக இருப்பவர் கோர்டினா என்று கருதப்படுகிறது. வலக்கோடியில் மூதாட்டி ஒருவர் கோப்பைகளில் காப்பி ஊற்றுகிறார். நடுவே ஒரு சிறுமி நமக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கிறாள். ஆவி அவளைச் சுற்றி எழுகிறது.

நாற்பது தலைகளின் பயன் இங்கே தெரிந்தது. இந்தப் பெரிய படத்தின் பெரும்பகுதியை அவர் தம் பட்டறையில், நினைவிலிருந்தே தீட்டினார். முகங்கள் கையில் ஊறிவிட்டபின் மாதிரிக்கு யாரும் அமர வேண்டியதில்லை. தட்டிலிருந்து கிழங்கை எடுக்கும் இக்கைகளே மண்ணைக் கிளறி அக்கிழங்கை விளைவித்தன, இவர்கள் தம் உணவை நேர்மையாக ஈட்டியவர்கள் என்பதைக் காட்டவே முயன்றதாகத் தம்பிக்கு அவர் விளக்குகிறார். உழவரின் படத்தில் புகையும் கிழங்கின் ஆவியும் மணந்தால் அது குறையன்று என்றும் எழுதுகிறார். இவ்வளவு இருண்ட படத்துக்குப் பொன்னிறச் சட்டம் வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதும் குறிப்பிடத்தக்கது. ஏழைகளின் படம்தானே என்று எளிய சட்டம் போதும் என அவர் எண்ணவில்லை.

பாராட்டு வரவில்லை. இப்படத்தின் கல்லச்சுப் பிரதியைக் கண்ட நண்பர் அந்தோன் வான் ரப்பார்ட், உடலமைப்புத் தவறுகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டிக் கடுமையாக எழுதினார். வான் கோ அக்கடிதத்தைத் திருப்பி அனுப்பினார். ஐந்தாண்டு நட்பு அவ்வாண்டிலேயே முறிந்தது. பாரிசிலோ ஓவிய உலகம் ஒளிமிக்க வண்ணங்களை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. இருண்ட படங்களை அங்கே விற்பது கடினம் என்பது தியோவின் கவலை. ஆயினும் வான் கோ தம் முடிவில் தளரவில்லை. இரண்டாண்டுகள் கழித்து, 1887 இல், பாரிசிலிருந்து தம் தங்கை வில்லமினுக்கு எழுதியபோதும், தாம் தீட்டியவற்றுள் நூனனில் செய்த அந்த உருளைக்கிழங்குப் படமே சிறந்தது என்றார்.

விலை கொடுத்தவர் யார்?

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

1885 ஆம் ஆண்டு கோடையில் கோர்டினா கருவுற்றிருப்பது ஊருக்குத் தெரிந்தது. அவருக்குத் திருமணம் ஆகவில்லை. அவரைப் பலமுறை படமாக்கியவர் வேற்றுச் சபையைச் சேர்ந்த போதகரின் மகன், ஊரோடு ஒட்டாதவர். சந்தேகம் யார் மீது விழுந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தமக்கு இதில் தொடர்பில்லை என்றும், உண்மையில் பொறுப்பானவர் யார் என்பதைத் தாம் அப்பெண்ணிடமிருந்தே அறிந்ததாகவும், அவர் கத்தோலிக்கச் சபையைச் சேர்ந்தவரே என்றும் வான் கோ தம்பிக்கு எழுதினார். அவ்வாண்டு அக்டோபரில் கோர்டினாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது.

ஊரின் கத்தோலிக்கக் குருவானவர் தம் சபையினர் இந்த ஓவியரின் முன் அமரக்கூடாது என்று தடுத்தார். படத்துக்கு அமராதிருந்தால் பணம் தருவதாகவும் அவர் கூறினார் என வான் கோ எழுதுகிறார். குருவிடம் கையேந்துவதைவிட உழைத்துச் சம்பாதிப்பதே மேல் என்று ஊரார் சிலர் விடையளித்ததையும் அவர் பதிவு செய்கிறார். ஆயினும் நாளடைவில் மாதிரியாக அமர ஆள் கிடைப்பது அரிதாயிற்று. பழங்களையும், பறவைக் கூடுகளையும், உருளைக்கிழங்குக் கூடைகளையும் தீட்டத் தொடங்கினார். நவம்பர் மாத இறுதியில் நூனனை விட்டு ஆண்ட்வெர்ப் நகருக்குப் புறப்பட்டார். நெதர்லாந்துக்கு அவர் பின்னர் திரும்பவே இல்லை.

ஓவியர் புறப்பட்டுப் போனார். அந்தப் பெண்ணோ கைக்குழந்தையோடு அதே ஊரின் பேச்சுக்கு நடுவே விடப்பட்டார். வரலாற்று நூல்கள் இந்நிகழ்ச்சியை ‘வான் கோவுக்கு நேர்ந்த இடையூறு’ என்று ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. மாதிரிகள் கிடைக்காமற் போனது அவருக்கு இடையூறுதான். ஆனால் கோர்டினாவுக்கு நேர்ந்ததை எந்தச் சொல்லால் குறிப்பது? அவருடைய பெயர் நமக்குத் தெரிந்திருப்பதற்கு அவருடைய முகத்தின் அழகோ, ஓவியத்தின் சிறப்போ மட்டும் காரணமன்று. ஊர்ப்பழியும் ஒரு காரணம். பழியில் சிக்காத மற்றப் பெண்கள் பலர் பெயரற்ற தலைகளாகவே நின்றுவிட்டனர். இதை எண்ணும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது.

படங்களின் பின்புறம்

அம்முகங்களுக்கு நேர்ந்ததும் ஒரு தனிக் கதை. வான் கோ நூனனில் விட்டுச் சென்ற படங்களும் வரைபடங்களும் தாயாரின் பொறுப்பில் இருந்தன. தாயார் 1886 இல் ப்ரெடா நகருக்குக் குடிபெயர்ந்தபோது அவை பெட்டிகளில் அடைக்கப்பட்டு ஒரு தச்சரிடம் வைக்கப்பட்டன. ஆண்டுகள் கடந்தன. கேட்பார் இல்லாத அப்பெட்டிகள் பழம்பொருள் வியாபாரி ஒருவர் கைக்கு மாறின. அவர் அப்படங்களைத் தள்ளுவண்டியில் வைத்துச் சில காசுகளுக்கு விற்றார்.

தியோவிடம் சென்று சேர்ந்தவை வேறு வகையில் பயன்பட்டன. 1886 முதல் 1888 வரை பாரிசில் வாழ்ந்த வான் கோவுக்குப் புதிய கித்தான் வாங்கப் பணம் போதவில்லை. பழைய நூனன் படங்களைத் திருப்பி, அவற்றின் பின்புறத்தில் தம் முகத்தையே தீட்டிப் பழகினார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் வைக்கோல் தொப்பி அணிந்த அவருடைய தன்னுருவப் படம் ஒன்று உள்ளது. 1887 இல் தீட்டியது. அதன் மறுபக்கத்தில், 1885 இல் தீட்டிய, உருளைக்கிழங்கின் தோல் சீவும் உழவுப் பெண் அமர்ந்திருக்கிறாள்.

அண்மைக் காலத்தில் இவ்வரிசையில் இன்னொன்று சேர்ந்தது. எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசியக் கலைக்கூடத்தில் நூனன் பெண்ணின் தலை ஒன்று 1960 முதல் இருந்து வருகிறது. அதில் இருப்பவர் கோர்டினா என்றே கருதப்படுகிறது. ஒரு கண்காட்சிக்காக அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, பின்புறத்தில் ஒட்டப்பட்ட அட்டைக்கும் பசைக்கும் அடியில், தாடியும் அகன்ற விளிம்புத் தொப்பியும் கொண்ட வான் கோவின் முகம் தெரிந்தது. 2022 ஆம் ஆண்டு ஜூலையில் இச்செய்தி வெளியானது. உலகம் அந்த மறைந்த முகத்தைக் கண்டு வியந்தது. நாளிதழ்கள் யாவும் பின்பக்கத்தைப் பற்றியே எழுதின. அறுபது ஆண்டுகளாக முன்பக்கத்திலிருந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணைப் பற்றி எழுதியவர் குறைவு.

நம் வகுப்பறைக்கு

ஆசிரியர்களாகிய நாம் இவ்வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கவை மூன்று என்று கருதுகிறேன்.

முதலாவது, திரும்பத் திரும்பப் பார்த்தல். கலைக்கல்விப் பாடத்தில் நாம் வாரந்தோறும் ஒரு புதிய தலைப்பைத் தருகிறோம். இந்த வாரம் மீன், அடுத்த வாரம் வாழ்த்து அட்டை. ஒரே முகத்தை மூன்று வாரம் வரையும்படி பிள்ளைகளிடம் ஒருமுறை கூறிப் பாருங்கள். முதல் வாரம் அவர்கள் தமக்குத் தெரிந்த ‘முகம்’ என்ற சின்னத்தை வரைவார்கள். மூன்றாம் வாரத்திலேயே எதிரில் இருப்பவரைப் பார்ப்பார்கள்.

இரண்டாவது, ‘அழகாக வரை’ என்ற கட்டளையைக் கைவிடுதல். பிள்ளைகள் தம் பாட்டியை வரையும்போது சுருக்கங்களை விட்டுவிடுகின்றனர். தாயை வரையும்போது இளவரசியின் கூந்தலைப் போட்டுவிடுகின்றனர். அன்பினால்தான் அவ்வாறு செய்கின்றனர். சுருக்கத்தையும் வெடித்த விரல்களையும் அன்போடு வரையலாம் என்பதை நாம்தான் சொல்லித்தர வேண்டும். பெற்றோர்களும் அப்படத்தைக் கண்டு, “என்னை ஏன் இப்படி வரைந்தாய்?” என்று கடிந்துகொள்ளாமல் இருக்க வேண்டும்.

மூன்றாவதே எனக்கு மிக முக்கியமானது. பள்ளியின் அறிவிப்புப் பலகையில் பிள்ளைகளின் ஓவியங்களை ஒட்டும்போது கீழே என்ன எழுதுகிறோம்? மாணவரின் பெயர், வகுப்பு, கிடைத்த புள்ளி. படத்தில் இருப்பவரின் பெயரை எழுதுவதில்லை. சிற்றுண்டிச்சாலையில் சமைக்கும் அம்மையாரையோ, பள்ளி வளாகத்தைக் கூட்டும் அக்காவையோ ஒரு மாணவன் வரைந்திருந்தால், ‘தொழிலாளி’ என்று தலைப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வரையும் முன் அவரிடம் இசைவு கேட்கவும், பெயரைக் கேட்டறிந்து கீழே எழுதவும், வரைந்த படத்தை முதலில் அவரிடமே காட்டவும் பிள்ளைகளைப் பழக்குவோம். இதற்குச் செலவில்லை. ஒரு நிமிடம் போதும்.

வான் கோ இறந்தது 1890 ஆம் ஆண்டு ஜூலை 29. அவ்வாண்டின் தொடக்கத்தில், பிரான்சின் மனநல மருத்துவமனை ஒன்றில் இருந்தபோது, நூனன் நாட்களை நினைவிலிருந்து மீண்டும் வரையத் தொடங்கினார். குடிசையையும், விளக்கையும், மேசையைச் சுற்றி அமர்ந்த அம்மனிதர்களையும் வரைந்தார். பழைய வரைபடங்களை அனுப்பி வைக்கும்படி தம்பியிடம் கேட்டார். அந்தப் பெரிய படத்தைப் புதிதாகத் தீட்ட எண்ணினார். காலம் இடம் தரவில்லை. சூரியகாந்திகளைத் தீட்டி முடித்த பின்னரும் அவர் மனம் சென்று நின்ற இடம் அந்த அடுப்படிதான்.

அடுத்த முறை உங்கள் பிள்ளை வான் கோவின் சூரியகாந்தியைக் காட்டினால், கோர்டினா டி கிரூட் என்ற பெயரையும் சொல்லிக் கொடுங்கள். அவருடைய முகத்தையும் தேடி எடுத்துக் காட்டுங்கள். இயன்றால், பிள்ளை அதைப் பார்த்துவிட்டு என்ன சொல்கிறது என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். நானும் அறிந்துகொள்ள ஆவலாக உள்ளேன்.